வெள்ளம் வடிந்தது... விரிசல் வளர்கிறது!

ஃபெஞ்சலில் விழாமல் தப்பிய வீடுகள் கோடையில் வாய் பிளப்பது ஏன்? கரையாம்புத்தூரிலிருந்து ஓர் அஸ்திவார ரிப்போர்ட்

கரண்டியின் மரப்பிடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சுவரைத் தட்டியபடியே நகர்கிறார் மேஸ்திரி. ஜன்னலுக்குக் கீழே வந்ததும் சத்தம் மாறுகிறது.

“இங்க டப்பா மாதிரி கேக்குது பாருக்கா. பூச்சு செங்கல்ல இருந்து வுட்டுடுச்சி.”

“பொங்கலுக்குத்தானே மேஸ்திரி பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சோம்?”

அவர் பதில் சொல்லவில்லை. ஜன்னலின் கீழ்மூலையில் தொடங்கி, செங்கல் செங்கலாகப் படியிறங்கி, தரை ஓரம் வரை போகிறது ஒரு விரிசல். கீழே நகம்கூட நுழையாது. மேலே நாணயம் நிற்கிறது. சுவரோரம் குவிந்து கிடக்கும் வெள்ளைத் தூளை விரலால் தொட்டு நாக்கில் வைக்கிறார். உப்பு.

பாகூர் வட்டாரம் கரையாம்புத்தூரில், மே மாத உச்சி வெயிலில் நாம் பார்த்த காட்சி இது. வெளியே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஊரில் யாரும் வெள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை. வீடு மட்டும் அதை இன்னும் மறக்கவில்லை.

தண்ணீர் போன பிறகுதான் ஆரம்பம்

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த கையோடு போய்விடாமல், நகர மறுத்து நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இங்கே ஆண்டு முழுக்கப் பெய்வதே சராசரியாக 130 சென்டிமீட்டர் அளவுதான். அந்த மழை ஓய்வதற்குள் டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணை கரை புரண்டது. பாகூர் பகுதியின் ஆற்றோர ஊர்களில் மழைத் தண்ணீர் போதாதென்று ஆற்றுத் தண்ணீரும் வீட்டுக்குள் நுழைந்தது.

2011 டிசம்பர் 30-ல் தானே புயலில் கூரை போனது. 2015-லும் 2021-லும் மழை மிரட்டியது. ஃபெஞ்சலின் கைவரிசை வேறு இடத்தில். அது கூரையைவிட அதிகமாகக் கடைக்காலில் கைவைத்தது.

கரையாம்புத்தூருக்குப் போகிற வழியில் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். மண்ணுக்கு அந்த எல்லைக் கணக்கெல்லாம் கிடையாது. நெல்லும் கரும்பும் விளைகிற ஆற்று வண்டல் பூமி. பயிருக்கு எவ்வளவு நல்ல மண்ணோ, கடைக்காலுக்கு அவ்வளவு சந்தேகத்துக்குரிய மண். ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும் அடுத்தடுத்துப் படிந்திருக்கும். ஒரே வீட்டின் ஒரு மூலை மணலிலும் இன்னொரு மூலை களியிலும் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு.

களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மணல் உப்பாது; ஆனால் ஓடும் தண்ணீர் அதன் நுண்துகளை அரித்துக்கொண்டு போய்விடும். வீடு மொத்தமும் ஒரே சீராக ஓர் அங்குலம் இறங்கினால் சுவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு மூலை மட்டும் அரை அங்குலம் இறங்கினால் சுவர் கிழியும்.

கோடையில் ஏன் கிழிகிறது? வீட்டைச் சுற்றியுள்ள மண்ணை வெயில் முதலில் காய வைக்கிறது. வீட்டுக்கு நடுவே, தரைக்கு அடியில் உள்ள மண்ணில் ஈரம் தங்கிவிடுகிறது. நடுப்பகுதி உப்பியபடி நிற்க, ஓரங்கள் சுருங்கி இறங்குகின்றன. அதனால்தான் மே மாதம் வாய் பிளந்த விரிசல் ஐப்பசியில் மூடிக்கொள்கிறது. தானாகச் சரியாகிவிட்டது என்று வீட்டுக்காரர் நிம்மதியாகிறார். அடுத்த சித்திரையில் அது மறுபடி திறக்கிறது, முன்பைவிடக் கொஞ்சம் அகலமாக.

இன்னொரு சிக்கல் பேஸ்மட்டத்துக்குள். வெள்ளத்துக்குப் பயந்து நம் ஆட்கள் மூன்றடி, நான்கடி உயர்த்திப் பேஸ்மட்டம் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குள் என்ன கொட்டுகிறோம்? இடித்த கட்டடத்து ரப்பிஷ், வயல் மண், கையில் கிடைத்ததெல்லாம். முக்காலடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திம்ஸ் அடித்து இறுக்கியிருக்க வேண்டும். ஒரே நாளில் டிராக்டர் டிராக்டராகக் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிய வீடுகளில், வெள்ளம் வடிந்ததும் உள்மண் அமுங்கிவிட்டது. தரை அந்தரத்தில் நிற்கிறது. நடந்தால் டைல்ஸ் ‘டொக்’ என்கிறது. ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழைகிறது. இங்கே கடைக்கால் இறங்கவில்லை, தரை மட்டும்தான் இறங்கியிருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சுவரை இடிப்பவர்களும் உண்டு.

■ பெட்டிச் செய்தி: விரிசல் என்ன சொல்கிறது?

• மயிர்க்கோடாக, வலைபோல் பரவியிருந்தால்: பூச்சு காய்ந்த வேகத்தில் வந்தது. பயம் வேண்டாம்.

• தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடு: இரண்டு பொருளும் வேறு வேறு அளவில் சுருங்குவதால் வருவது. கம்பி வலை வைத்துப் பூசினால் போதும்.

• மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே படுக்கைக் கோடு: பெரும்பாலும் வெயிலில் தளம் விரிவதால் வருவது. கடைக்காலைக் குறை சொல்லாதீர்கள்.

• ஜன்னல், கதவு மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்வாக இறங்குவது: அஸ்திவாரம் நகர்ந்ததற்கான முதல் அடையாளம். மேலே அகலமாக இருந்தால் சுவரின் அந்த முனை இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது.

• பழைய வீட்டோடு புதிதாக ஒட்டிக் கட்டிய அறையின் இணைப்பில் செங்குத்துக் கோடு: புது அறை இப்போதுதான் மண்ணில் அமர்கிறது.

• இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1984-ல் வெளியிட்ட எஸ்.பி. 25 கையேடு, 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மெல்லிய விரிசல், 1 முதல் 2 வரை நடுத்தரம், 2-க்கு மேல் அகன்றது என்று பிரிக்கிறது. அகலத்தைவிட முக்கியம், அது வளர்கிறதா என்பது. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது.

ஓதத்தின் மேல் டைல்ஸ்

விரிசலுக்கு அடுத்த பெரிய தலைவலி ஓதம். செங்கல்லின் நுண்துளை வழியாகத் தண்ணீர் மேலேறும். சாதாரணமாக மூன்றடி வரை. கூடவே மண்ணில் உள்ள உப்பையும் கொண்டுவரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். பூச்சுக்குப் பின்னால் அது கட்டியாகும்போது பூச்சைத் தள்ளும். நம் மேஸ்திரி நாக்கில் வைத்துப் பார்த்தது அதைத்தான்.

புதுவீடுகளில் பேஸ்மட்டத்துக்கு மேல் ‘டேம்ப் ப்ரூஃப்’ என்று ஓர் அடுக்கு போடுவார்கள். பழைய வீடுகள் பலவற்றில் அது கிடையாது. இருந்தாலும், தண்ணீர் அந்த மட்டத்துக்கு மேலேயே வீட்டுக்குள் நின்றுவிட்டால் என்ன பயன்? டைல்ஸுக்கு அடியில் அடைபட்ட மண் காய மாதக்கணக்காகும்.

இந்த இடத்தில்தான் பணம் விரயமாகிறது. உரியும் பெயிண்ட் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று நான்கடி உயரத்துக்குச் சுவர் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ஆறு மாதம் அழகாக இருக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸின் தலைக்கு மேல் ஏறி, ஐந்தாவது அடியில் பூச்சை உரிக்கும். விளம்பரங்களில் ஒரே டப்பா பெயிண்ட்டில் ஓதம் ஓடிப்போகிறது. நம் வீட்டு ஓதத்துக்கு டி.வி. பார்க்கும் பழக்கம் இல்லை.

செய்ய வேண்டியது வேறு. ஓதக் கோட்டுக்கு மேல் ஓரடி வரை பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, உப்பைத் தேய்த்து நீக்கி, ஒரு கோடை முழுவதும் சுவரை அப்படியே காயவிட வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது. கல்யாணம் காட்சி வந்தால் சங்கடம்தான். அதன் பிறகே சுவரின் அடியில் துளையிட்டு நீர்த்தடுப்பு மருந்து செலுத்துவதோ புதுப்பூச்சோ. பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரானால் சிமெண்ட் பூச்சை ஏற்றாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பூட்டும்.

முதல் செலவு சுவருக்கு அல்ல

கரையாம்புத்தூர் வீட்டில் மேஸ்திரி உள்ளே அரை மணி நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய், விரிசலுக்கு நேர் பின்புறம் நின்றார். மாடித் தண்ணீர் இறங்கும் பி.வி.சி. பைப், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வெட்டி விடப்பட்டிருந்தது. அதற்கு நேர் கீழே சுவரடி மண் குடைந்து, கடைக்காலின் மேல்வரிசைச் செங்கல் தெரிந்தது. சில கஜம் தள்ளி செப்டிக் டேங்க். மொட்டை மாடியில் விழும் மழையில் பாதி, வருடக்கணக்காக அந்த ஒரே மூலையில்தான் கொட்டியிருக்கிறது. வெள்ளம் அதை முடித்துவைத்தது, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரைக்காக எத்தனை கோணத்தில் விசாரித்தாலும் வந்து நிற்கிற இடம் இதுதான்: கடைக்கால் ரிப்பேரில் முதல் ரூபாய் தண்ணீரைத் திருப்பிவிடப் போக வேண்டும். மாடிப் பைப்பை வாய்க்கால் வரை நீட்டுவது, உடைந்த தொட்டி இணைப்பை மாற்றுவது, சுவரடிப் பள்ளத்தைக் கிராவல் போட்டு இறுக்குவது, வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடுவது. களிமண் பூமியில் இந்தத் தளம் ஆறடி அகலமாவது இருப்பது நல்லது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இரண்டடி சந்து விட்டுக் கட்டிய தெருக்களில் ஆறடிக்கு எங்கே போவது? இருக்கிற இடத்தில் தண்ணீர் தேங்காமல் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

அதன் பிறகு ஒரு மழை, ஒரு வெயில் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். கண்ணாடித் துண்டு உடையவில்லையா? விரிசலை ‘வி’ வடிவில் வெட்டி, தூசி நீக்கி, பாலிமர் கலந்த சாந்து வைத்து அடைக்கலாம். அகன்ற விரிசலுக்குக் குறுக்கே செங்கல் வரிசைகளுக்கு நடுவில் துருப்பிடிக்காத கம்பி பதித்துத் தைக்கலாம். தரை மட்டும் அமுங்கியிருந்தால், துளையிட்டு சிமெண்ட் கூழைச் செலுத்தி அடிவெற்றிடத்தை நிரப்பலாம். இல்லை, பெயர்த்துவிட்டு ஒழுங்காக இறுக்கிப் போடலாம்.

கண்ணாடி உடைந்துகொண்டே இருந்தால்? அப்போது மேஸ்திரியோடு நிறுத்தாமல் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும். பழைய கடைக்காலுக்குக் கீழே தோண்டி, புதுக் கான்கிரீட் தாங்கு கொடுக்கும் வேலை அது. நாலைந்து அடி நீளத்துக்கு ஒரு குழி. அதை முடித்து, கான்கிரீட் இறுகிய பிறகே அடுத்தது. அதுவும் பக்கத்துக் குழியை விட்டுத் தள்ளி. சுவர் நெடுக ஒரே நாளில் ஜே.சி.பி. வைத்துத் தோண்டினால் என்ன ஆகும் என்று புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2024 ஜனவரியில் நகரத்து ஆட்டுப்பட்டியில், உப்பனாறு வாய்க்காலில் பணிக்காகத் தோண்டிய நேரத்தில், கரையோரம் கிரகப்பிரவேசத்துக்குக் காத்திருந்த புதிய மாடி வீடு அப்படியே சாய்ந்து விழுந்ததை ஊரே செல்போனில் பார்த்தது. பக்கத்தில் யாராவது ஆழமாகத் தோண்டுகிறார்கள் என்றால், அது உங்கள் வீட்டு விஷயமும்தான்.

மரங்களிலும் கவனம் வேண்டும். சுவரிலிருந்து மரம் வளரக்கூடிய உயரத்தின் அளவாவது தள்ளி நடுவது பாதுகாப்பு. ஏற்கெனவே சுவரோரம் நிற்கும் பெரிய வேம்பை ஆத்திரத்தில் அடியோடு வெட்டிவிடவும் கூடாது. அது உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் மண்ணிலேயே தங்கி, களி உப்பி, இறங்கிய மூலை இப்போது ஏறத் தொடங்கும். கிளையைக் கழித்துக் கட்டுப்படுத்துவதே புத்திசாலித்தனம்.

■ பெட்டிச் செய்தி: புதிதாகக் கட்டுகிறீர்களா?

• இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 1904) கடைக்காலின் குறைந்தபட்ச ஆழம் 50 செ.மீ. அது நல்ல மண்ணுக்கு. உப்பிச் சுருங்கும் களிக்கு அது போதவே போதாது.

• அத்தகைய மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடிப்பகுதி அகன்ற ‘அண்டர் ரீம்டு பைல்’ முறையை உருவாக்கியது. சுமார் 3.5 மீட்டர் வரை இறங்கி, வெயிலும் மழையும் எட்டாத ஆழத்தில் வீட்டை நிறுத்துவது அதன் நோக்கம்.

• பக்கத்து வீட்டுக் கடைக்கால் ஆழத்தை விசாரிப்பது மண் பரிசோதனை ஆகாது.

• பேஸ்மட்ட மட்டத்தில் சுற்றுக் கான்கிரீட் பீம் தவிர்க்க முடியாதது. மூலை இறங்கினாலும் சுவர் பிளக்காமல் இழுத்துப் பிடிப்பது அதுதான்.

சாலை ஏறுகிறது, வீடு இறங்குகிறது

பழைய வீட்டுக்காரர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது ஆற்றைப் பற்றி அல்ல, ரோட்டைப் பற்றி. வீடு கட்டும்போது வாசலில் மூன்று படி. இப்போது ஒரு படி. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத்தார் போட்டால் வேறு என்ன நடக்கும்? தமிழ்நாட்டில் 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். எல்லைகள் பின்னிக் கிடக்கும் இந்த ஊர்களில், தமிழ்நாட்டு உத்தரவு பாதித் தூரத்துக்குத்தான் வரும்.

இதற்கு மாற்றாக ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் தொழில் பெருகியிருக்கிறது. ஹரியானாவிலிருந்து வந்த குழுக்கள் சென்னையில் பிரபலப்படுத்திய முறை. சுவரடியில் நூற்றுக்கணக்கான ஜாக்கிகளைப் பொருத்தி, அங்குலம் அங்குலமாக உயர்த்தி, கீழே புதுச் சுவர் எழுப்புகிறார்கள். மட்டம் தாழ்ந்த, ஆனால் உறுதியான வீட்டுக்கு இது பலன் தரும். ஏற்கெனவே பிளந்து நிற்கும் வீட்டைத் தூக்குவது என் கணக்கில் சூதாட்டம். பலவீனமான மண்ணை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் இன்னும் பாரம் ஏற்றுகிற வேலை அது.

பணம் யார் தருவார்?

ஃபெஞ்சலுக்குப் பிறகு புதுச்சேரி அரசு குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் வழங்கியது. மத்தியக் குழு அந்த டிசம்பரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டும் வரவேற்க வேண்டியவையே. ஆனால் டிசம்பரில் பார்த்தவர்கள் என்ன பார்த்திருப்பார்கள்? சேறும் நனைந்த மூட்டையும் சாய்ந்த குடிசையும். கடைக்கால் அப்போது வாயே திறக்கவில்லை.

பேரிடர் நிவாரண நிதிக்கான மத்திய அரசின் விதிமுறை (2022-26) சமவெளியில் முழுதும் சேதமான வீட்டுக்கு 1,20,000 ரூபாய் என்கிறது. பகுதிச் சேதமான கல்வீட்டுக்கு 6,500 ரூபாய், அதுவும் குறைந்தது 15 சதவிகிதம் சேதமிருந்தால். ஒரு மூலை இறங்கிய வீடு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அனாதையாக நிற்கிறது.

காப்பீடு? 2021 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் ஒரே மாதிரியாகக் கிடைக்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் உண்டு, நிலம் உள்வாங்குவதும் உண்டு. நுண்ணெழுத்தைப் படியுங்கள்: புதுக் கட்டடம் இயல்பாக அமர்வதால் வரும் விரிசலுக்கும், கொட்டி நிரப்பிய மண் இறங்குவதற்கும், ஆற்று அரிப்புக்கும், மட்டமான வேலைக்கும் பணம் கிடையாது. ஆற்றங்கரையில் மண் கொட்டி நிரப்பிய பேஸ்மட்டம் போட்டவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது? அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளத்தில் நேரடியாக வந்த சேதம் என்று காட்ட, அந்த வாரமே தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தவர்களுக்கு வழி உண்டு.

கட்டித் தந்தவரைக் கேட்கலாமா? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-வது பிரிவு, கட்டமைப்புக் குறைக்கு ஐந்து ஆண்டுகள் பொறுப்பு வைக்கிறது. அது அடுக்ககம், மனைப்பிரிவு விற்பவர்களுக்கு. சொந்த மனையில் மேஸ்திரிக்குச் சதுர அடிக் கணக்கில் விட்ட வீட்டுக்கு அது வராது. அங்கே உதவுவது 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறை தெரிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமும் பணம் கொடுத்த ரசீதும் இல்லாமல் போனால் பேச்சு வார்த்தை மட்டும்தான் நடக்கும்.

புதுச்சேரியோடு பழைய உறவுள்ள பிரான்ஸில் இதே களிமண் பிரச்னை உண்டு. அங்கே வறட்சியில் களி சுருங்கி வீடு பிளந்தால் இயற்கைப் பேரிடர் கணக்கில் இழப்பீடு கேட்கலாம். அந்தத் தேசியத் திட்டம் 1982 சட்டத்தில் பிறந்தது. 2020 முதல், களிமண் ஆபத்துள்ள பகுதியில் வீட்டு மனை விற்பவரே மண் ஆய்வு அறிக்கை தர வேண்டும். பிரிட்டனில் 1976 வறட்சிக்குப் பிறகு வீடு பிளந்து வந்த காப்பீட்டுக் கோரிக்கைகள் நிறுவனங்களைத் திணறடித்தன. இங்கே மனை விற்பவர் தருவது பத்திரமும் பட்டாவும். மண் ஆற்றுடையதா, மூடிய குளத்துடையதா என்று எந்தக் காகிதமும் சொல்வதில்லை.

பராமரிக்காவிட்டால் அரசுக் கட்டடத்துக்கும் இதே கதிதான். 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய புதுச்சேரி மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதை மீண்டும் எழுப்பித் திறக்க 2021 ஆனது. ஒரு கொத்தனாரின் வீட்டுக்கு அந்த வசதி இல்லை.

இரண்டு வேலைகள் உடனே நடக்கலாம். ஒன்று உங்களுடையது: அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன், அரை மணி நேரம் வீட்டின் வெளிப்பக்கம் சுற்றிவந்து தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள், பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அங்கே போடுங்கள். மற்றது அரசுடையது: வெள்ளம் புகுந்த ஊர்களில் டிசம்பரில் எடுக்கும் சேதக் கணக்கோடு கோப்பை மூடாமல், அடுத்த மே மாதம் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களை அனுப்பி இரண்டாவது கணக்கெடுப்பு நடத்த வேண்டும். பாகூர் பகுதியின் ஆற்றோர ஊர்களிலிருந்து அதைத் தொடங்கலாம்.